ஏழு சொல்லாத வீடு

புதுக்கொல்லையில் ஏழு என்னும் எண்ணைச் சொல்லாத வீடு ஒன்று இருந்தது. அவ்வீட்டில் ஆறுக்குப் பின் 'ஆறோடொன்று' வரும், அதற்குப் பின் எட்டு வரும். நெல்லை அளந்தாலும் அப்படித்தான், இட்டலியை எண்ணினாலும் அப்படித்தான். வாரத்திற்கு ஆறோடொரு நாள், வானவில்லுக்கு ஆறோடொரு நிறம். திருப்பதிக்குப் போய் வந்தவர்களும் பெருமாள் ஆறோடொரு மலைமேல் நிற்கிறார் என்றே சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவ்வீட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஏழாம் வாய்பாட்டில் பிரம்படி வாங்கினார்களே ஒழியப் பழக்கத்தை விடவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு, வீட்டுக்குரியவராகிய ஓய்வுபெற்ற சுபேதார் மீசையைத் தடவிக்கொண்டே விடை சொல்வார்: "எங்க கொள்ளுத்தாத்தா மொத உலகச் சண்டையில, ஈராக்கு பசராவுல குண்டு வாங்கி வுழுந்தாரு. எத்தினி குண்டுன்னு கேக்காத. அதைத்தான் நாங்க சொல்றதில்ல."

சுபேதாரைக் கைப்பிடித்து இந்த வீட்டிற்கு வாழ வந்தவர் வடிவாம்பாள். முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து அண்மையில் ஓய்வு பெற்றவர். 'இங்கு கோழி கறி கிடைக்கும்' என்னும் பலகையைக் கண்டால் பேருந்தை நிறுத்தச் செய்து இறங்கி, சுண்ணக்கட்டியால் ஒரு 'க்' போட்டுவிட்டு, அடுத்த பேருந்தில் பயணத்தைத் தொடர்பவர். பள்ளியில் வேற்றுமை எட்டு என்று முழங்கியவர், வீட்டில் மகளுக்குப் பாடம் சொல்லும்போது, "ஆறாம் வேற்றுமைக்கும் விளிவேற்றுமைக்கும் இடைப்பட்ட வேற்றுமை" என்று சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கென்று இன்னொரு தடையும் இருந்தது. கணவர் பெயரை அவர் சொன்னதில்லை. அஃது அச்சமும் அன்று, பக்தியும் அன்று. தாயின் நாவிலிருந்து தம் நாவிற்கு வந்த ஒரு முடிச்சு. நமக்குத் தடையில்லை, சொல்லிவிடுவோம்: பொன்னுரங்கம். இதனால் வடிவாம்பாளின் வாழ்வில் பொன்னாங்கண்ணி 'அந்தக் கண்ணிக் கீரை' ஆயிற்று; நகைக் கடையில் அவர் 'மஞ்சள் உலோகம்' கேட்டார்; மளிகைக் கடையில், "காவிரிக்கு இன்னொரு பெயர் உண்டல்லவா, அந்த அரிசி பத்துக் கிலோ" என்பார், கடைக்காரர் சிரிக்காமல் பொன்னியை நிறுப்பார். கணவரும் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தவரல்லர், 'டீச்சர்' என்பார்.

ஊருக்குப் பெயர் வந்ததே அந்தக் குடும்பத்தால்தான். கொள்ளுத்தாத்தாவும் அவர் மனைவி பச்சையம்மாளும் ஒரு சோடி மாட்டோடு மலையடிவாரத்திற்கு வந்து, காரைமுள்ளையும் நுணாமரத்தையும் வெட்டி, கல்லைப் பொறுக்கி வரப்பாக்கி, பாம்புகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உழுத முதல் நிலம் அது. முதல் நெல் அறுத்த ஆண்டில் அவர் போருக்குப் போனார், திரும்பவில்லை. அவர் போனதால் அவர் மகன் பர்மாவுக்குப் போனார். மகன் போனதால் பேரன் மேற்கு எல்லைக்குப் போனார். பேரன் போனதால் பொன்னுரங்கம் காசுமீரத்துப் பனியில் இருபத்தெட்டு ஆண்டுகள் நின்றார். தலைமுறைக்கு ஒருவர் என்பது அவ்வீட்டுச் சட்டம். இந்தத் தலைமுறைக்கு இருந்தவள் மகள் இளவேனில் ஒருத்தியே. வேளாண்மைப் படிப்பை முடித்த அவளைச் சுபேதார் நாள்தோறும் காலையில் ஏரிக்கரையில் ஓடவிட்டார். அவள் ஓடுவாள், வழியில் எவர் கழனியிலாவது களையைக் கண்டால் நின்று பிடுங்குவாள், நேரம் தவறும், சுபேதார் ஊதலை ஊதுவார், அவள் கையில் கோரையோடு வந்து சேருவாள். "எனக்கு நெலம்தாம்மா வேணும்" என்று மகள் சொன்னதைத் தாய் கேட்டிருந்தார். அப்பாவிடம் சொல்ல இருவருக்கும் துணிவில்லை. ஆளெடுப்பு முகாம் ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை என்று அறிவிப்பும் வந்துவிட்டது.

அதற்கு முந்தைய நாளில் ஊர் முகப்பில் கொள்ளுத்தாத்தாவுக்கு நினைவுக்கல் நாட்டுவது என்று ஊராட்சி முடிவு செய்தது. மகள் கல்லுக்கு வணக்கம் வைத்துவிட்டு மறுநாள் முகாமுக்குப் புறப்பட வேண்டும் என்பது சுபேதாரின் திட்டம். கல்தச்சர் அருணகிரி கல்லைச் செதுக்கி வைத்திருந்தார். 'காடு திருத்திக் கழனி செய்து போருக்கு போனார்' என்று அதில் இருந்தது. பெயருக்குரிய வரி வெறுமையாக இருந்தது. கொள்ளுத்தாத்தாவை ஊரே 'பட்டாளத்தார்' என்று சொல்லிச் சொல்லி, அவர் பெயர் எவருக்கும் தெரியாமற் போயிருந்தது. சுபேதார் எழுதாத அலுவலகம் இல்லை. 'பெயர் குறிப்பிடப்படாத போர்வீரரைத் தேட இயலாது' என்ற ஒரே விடைதான் எங்கிருந்தும் வந்தது.

வடிவாம்பாள் வெறும் வரியைப் பார்க்கவில்லை. அதற்கு மேலிருந்த வரியைப் பார்த்தார்.

"அருணகிரி, 'போருக்கு'வுக்கும் 'போனார்'க்கும் நடுவில் என்ன வர வேண்டும்?"

"இன்னா வரணும் டீச்சர்? ஒண்ணும் வர வேணாமே."

"நான்காம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும். ஒன்பதாம் வகுப்பில் இதற்காகவே உன்னைப் பெஞ்சின்மேல் நிறுத்தினேன்."

"அப்ப நின்னதுலதான் டீச்சர் இப்பவும் முட்டி வலிக்குது." அருணகிரி கல்லை முழம் போட்டார். "நடுவுல தாராளமா எடம் கீது. நீங்க பேரைக் கொண்டாங்க, ஒத்தையும் சேத்து ஒரேடியா செதுக்கிடறேன்."

பெயர் தேடும் பணி இவ்வாறு வடிவாம்பாளிடம் வந்தது. வட்டாட்சியர் அலுவலகத்தின் பழைய ஆவண அறையில், கரையான் மிச்சம் வைத்த நிலப் பதிவேடுகளுக்கிடையே பத்து நாள்கள் உட்கார்ந்து, எழுத்துப்பிழைகளுக்குக் கீழே பென்சிலால் மெல்லக் கோடிட்டபடியே படித்தார். பத்தாம் நாள், 'புதுக்கொல்லை: காடு திருத்திப் பயிர் செய்பவர்' என்னும் தலைப்பின் கீழ் ஒரு பெயரும், பக்கத்தில் 'மனைவி பச்சையம்மாள்' என்றும் இருக்கக் கண்டார். பெயரைப் படித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்காமையால் எழுத்தர் தண்ணீர் கொண்டுவந்தார். குண்டுமில்லை, குருதியுமில்லை. கணவன் பெயரைச் சொல்லாத ஒருத்தி அந்தப் பெயரிலிருந்த எண்ணையும் சொல்லாமல் விட்டிருக்கிறாள். அவள் விட்டதை வீடு விட்டிருக்கிறது.

அன்று அமாவாசை. அமாவாசைதோறும் அவ்வீட்டுக் கொல்லைப்புறத்து வைக்கோற்போரின் அடியில் ஓர் உருண்டைக் களியும் ஒரு சொம்பு மோரும் வைப்பது பச்சையம்மாள் காலத்து வழக்கம். ஆண்டுதோறும் புது வைக்கோலை மேலே மேலே அடுக்கலாம், அடிப்போரை மட்டும் பிரிக்கக் கூடாது என்பதும் அவர் இட்ட கட்டளை. போருக்கு எதிரே மண்ணில் இரண்டு சிறு குழிகள் உண்டு. எந்த மழையும் அவற்றை நிரப்பியதில்லை. கோழிகளின் வேலை என்று வீட்டார் எண்ணியிருந்தனர். உச்சி வெயிலில் வடிவாம்பாள் ஒரு கையில் களித்தட்டும் மறு கையில் படியெடுத்த தாளுமாக அங்கே நின்றார். கொள்ளுமாமனார் பெயரைச் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினார். படிப்பது வேறு, சொல்வது வேறு என்று முடிவு செய்து, வகுப்பறைக் குரலில் படித்தார்:

"ஏழுமலை."

வைக்கோற்போர் தும்மியது. பிறகு அதன் இடுப்பருகே இரண்டு கைகள் தோன்றின, ஒரு தலை தோன்றியது, தலைமுடியெல்லாம் வைக்கோலோடு இருபத்து நான்கு வயது மதிக்கத்தக்க ஓர் ஆண்மகன் முட்டி போட்டு வெளியே வந்து, வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டான்:

"போய்ட்டானுங்களா?"

"யார்?" என்றார் வடிவாம்பாள்.

"ஆள் புடிக்க வந்த தொரையும் மணியக்காரனும்." அவன் பார்வை தட்டில் விழுந்தது. களியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான், மென்றான், முகம் சுளித்தான். "இன்னாம்மா இது? ஒரே தூக்கமா தூங்கினேன், தூக்கத்துல யாரோ களி ஊட்டிக்கினே இருந்தாங்க. நல்லாத்தான் இருந்திச்சு. கொஞ்ச நாளா உப்பே காணோம்."

"வீட்டில் அவருக்கு இரத்த அழுத்தம். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்" என்றார் வடிவாம்பாள், நூற்றாறோடொன்று ஆண்டுகளுக்குப் பின் வெளியே வந்த மனிதரிடம் முதன்முதலாகத் தாம் சொல்ல நேர்ந்தது இதுவா என்னும் வருத்தத்தோடு.

நிழலில் உட்கார்ந்து அவர் கதையைச் சொன்னார். வயதில் மகன் போன்றவரானாலும் முறையில் கொள்ளுமாமனார் ஆதலின், இனி நாமும் 'அவர்' என்றே சொல்வோம்.

"அன்னிக்கித்தான் போர் போட்டு முடிச்சோம். காடா கெடந்த எடத்துல மொத நெல்லு. அதை வுட்டுட்டு எங்க போறது? பச்சைதான் சொன்னா, போருக்குள்ள பூந்துக்கோ, நான் 'இன்னாங்க'ன்னு கூப்ட்டா வெளிய வான்னு. ஊர்ல எல்லாப் பொம்பளயும் எல்லா ஆம்பளயையும் 'இன்னாங்க'ன்னுதானே கூப்பிடுது? மணியக்காரன் பொண்டாட்டி வந்து 'இன்னாங்க'ன்னா நான் வந்து மாட்டிக்கவா? பேரைச் சொல்லிக் கூப்புடு, அப்பத்தான் வருவேன்னுட்டேன்." ஏழுமலை ஒரு வைக்கோற்றாளைப் பல்லிடையில் வைத்துக்கொண்டார். "அவ வாயால அதை ஒரு தபா கேக்கலாம்னும் ஒரு ஆசை."

"துரையிடம் அவர் என்ன சொன்னார்?"

"அவளுக்குப் பொய் வராதே. 'அவரு போருக்குள்ள போயிருக்காரு'ன்னு நெசத்தைத்தான் சொன்னா. எனக்கு உள்ள கேட்டுது, உசிரே போய்டுச்சு. கூட வந்த மொழிபெயர்க்கிறவன் எந்த ஊர்க்காரனோ, 'போருக்குப் போயிருக்கார்'னு தொரைகிட்டச் சொன்னான். தொரை தொப்பியக் கழட்டி அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போய்ட்டான். அப்புறம் கூப்பிடுவா கூப்பிடுவான்னு பாத்தேன். வந்து நின்னா. வளையல் சத்தம் கேட்டுது. இருமினா. தொண்டையக் கனைச்சா. பேர் மட்டும் வரல. நான் தூங்கிட்டேன்." சுற்றிலும் பார்த்தார். "பச்சை எங்க?"

வடிவாம்பாள் போருக்கு எதிரே இருந்த இரண்டு குழிகளையும் காட்டினார். ஏழுமலை குனிந்து ஒரு குழியில் கையை வைத்து அளந்து பார்த்தார். கால் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

வடிவாம்பாளின் மனம் வேறொன்றை அளந்துகொண்டிருந்தது. 'போருக்குள்' என்பது 'போருக்கு' ஆயிற்று; ஓர் உருபு உதிர்ந்தது; உதிர்ந்ததோ ஏழாம் வேற்றுமை உருபு! உதிர்ந்த அந்த 'உள்'ளுக்காக ஒருவர் பர்மாவுக்கு நடந்தார், ஒருவர் எல்லையில் காலைக் கொடுத்தார், ஒருவர் பனியில் ஒரு காதைக் கொடுத்தார், வெள்ளிக்கிழமை மகள் போகப் போகிறாள். உண்மையைச் சொன்னால் மகள் தங்குவாள். சொன்னால் கணவர் உடைவார். ஒற்றுப்பிழைக்காகப் பேருந்தை நிறுத்தியவர் இந்தப் பிழையைத் திருத்த வாய் திறக்கவில்லை.

ஊர் இச்செய்தியை ஏற்றுக்கொள்ள அரை நாள் போதுமானதாக இருந்தது. பட்டாளத்தார் பசராவிலிருந்து திரும்பிவிட்டார் என்றே எல்லாரும் கொண்டனர், வழி வைக்கோற்போர் என்பதில் எவருக்கும் வியப்பில்லை, வளைகுடாவில் வேலை தேடிக்கொண்டிருந்த நான்கு பேர் மட்டும் தனியே வந்து, "இந்தப் பக்கமா பூந்தா நேரா பசராதானா, இல்ல நடுவுல எறங்கணுமா? பாஸ்போர்ட்டு கேப்பாங்களா?" என்று விசாரித்துப் போரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தனர். பல் விழுந்த கிழவர்கள் இருபத்து நான்கு வயதுக்காரரை 'தாத்தா' என்றனர். அவர் அவர்களை 'அண்ணே' என்றார். தேநீர்க் கடையில் யார் யாருக்கு எழுந்து இடம் விடுவது என்று தெரியாமல் ஒருநாள் முழுவதும் எல்லாரும் நின்றுகொண்டே தேநீர் குடித்தனர். கிராம நிர்வாக அலுவலர் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க ஆயத்தமாகத்தான் இருந்தார். ஆனால் கணினியில் பிறந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தோடு நின்றுவிட்டது. "ஒரு ஆறு வருஷம் லேட்டா பொறந்துக்கோங்களேன்" என்று அவர் கெஞ்சினார். உழவர்களுக்கோ ஒரே கேள்விதான்: இத்தனை ஆண்டு மழையில் உள்ளே ஈரம் இறங்காமல் அந்தப் போரை எப்படிப் போட்டீர்கள்? ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் போர்களைப் பிரித்துப் போட்டார். அவருக்குக் கட்டு எடுத்துக் கொடுத்தவள் இளவேனில். இருவருக்கும் மண்ணைப் பற்றியே பேச்சு. ஓட்டத்திற்கு அவள் இரண்டு நாள் போகவில்லை.

சுபேதாரின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. கொள்ளுத்தாத்தாவுக்குத் தம் பழைய சீருடையைப் போட்டுவிட்டு, புதன்கிழமை முன்னாள் படைவீரர் சங்கத்தில் பாராட்டுக்கூட்டம் கூட்டினார். மாலை போட்டனர். ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்தனர்.

"தாத்தா, பசரா சண்டையப் பத்தி நாலு வார்த்தை!"

"எந்தப் பசரா?" என்றார் ஏழுமலை. ஒலிபெருக்கியில் அது ஏரிக்கரை வரையில் கேட்டது. "நான் எங்கயும் போகலியே. ஆள் புடிக்க வந்தாங்கன்னு வைக்கப்போருக்குள்ள பூந்துக்கினேன். அந்த வருசம் நெல்லு அப்படி வெளைஞ்சிருந்துச்சு."

முன்னாள் படைவீரர்கள் காலணியைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "நானும் அன்னிக்கு ஒரு போரைத் தேடினேன், கெடைக்கல" என்று மெல்லச் சொல்ல, பக்கத்திலிருந்தவர் அவர் காலை மிதித்தார். சுபேதார் எழுந்து, நேராக வீட்டிற்கு நடந்து, மனைவியின் எதிரே நின்றார்.

"உனக்குத் தெரியுமா, டீச்சர்?"

"தெரியும்."

"கல்லுல மெய்யெழுத்து இல்லைன்னா சொல்லுவ. இதைச் சொல்ல மாட்டியா?"

வடிவாம்பாளுக்கு விடை இருந்தது. ஆனால் அது ஒரு பெயரில் தொடங்க வேண்டிய விடையாக இருந்தது. எனவே வெளியே வரவில்லை.

வியாழக்கிழமை காலை, மேளம் வந்து, பந்தல் போட்டு, கல்லைத் துணியால் மூடியபின், சுபேதாரைக் காணவில்லை. கொல்லையில் அவருடைய செருப்பு இரண்டும் அணிவகுப்பில் நிற்பதுபோல் வைக்கோற்போரின் எதிரே ஒட்டி நின்றன. யாரோ பதற்றத்தில் தொலைபேசியில், "சுபேதாரு போருக்குள்ள போய்ட்டாருங்க!" என்று சொல்லிவிட, கால் மணியில் தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வந்தது, வீரர்கள் கயிறும் கொக்கியுமாக இறங்கி, "எத்தினி அடி போரு? மூடி போடலியா? தண்ணி இருக்குதா?" என்று ஆழ்துளைக் கிணற்றைத் தேடி ஓடினர். வைக்கோற்போரைக் காட்டியதும் அவர்களுடைய அலுவலர், "இதுக்கு எங்ககிட்டப் படிவம் கெடையாது" என்று ஓரமாக உட்கார்ந்து பந்தல் மோரைக் குடித்தார்.

இளவேனில், "அப்பா, வாப்பா!" என்று கூப்பிட்டாள். முன்னாள் படைவீரர்கள் வரிசையில் நின்று ஆணை முழங்கினர், ஊதல் ஊதினர். நான்கு பேர் வைக்கோலைப் பிரித்தனர். பிரிக்கப் பிரிக்க வைக்கோல்தான் வந்தது, சுபேதார் வரவில்லை.

"அதெல்லாம் வேலைக்கி ஆவாது" என்றார் ஏழுமலை. "இந்தப் போருக்கு ஒண்ணுதான் பழக்கம். கட்டினவ பேரு சொல்லிக் கூப்புடணும்."

"உங்களைக் கூப்பிட்டது நானல்லவா?" என்றார் வடிவாம்பாள்.

"பச்சை போய்ச் சேந்துட்டா. களி வெச்ச கை உன்னுது. போர் ஒத்துக்கிச்சு. அவனுக்கு நீ உசிரோட கீறியே, வேற ஆளை அது ஒத்துக்குமா?"

ஊர் முழுவதும் வடிவாம்பாளைப் பார்த்தது. மளிகைக் கடைக்காரர், முப்பதாண்டுக் காத்திருப்பு இன்று நிறைவேறப்போவதை அறிந்து, கடையைப் பூட்டிவிட்டு முன்வரிசைக்கு வந்தார்.

வடிவாம்பாள் முன்னே நடந்தார். எங்கே நிற்பது என்று தேடவில்லை. மண்ணில் இருந்த இரண்டு குழிகளிலும் கால்கள் தாமாகப் பொருந்தின. ஐம்பதாண்டுக் காலம் ஒருத்தி வாயில் ஒரு பெயரோடு இங்கே நின்றாள். துரையிடம் உண்மையைச் சொல்ல அஞ்சாதவள், இதற்கு அஞ்சினாள். வடிவாம்பாள் இருமினார். வளையல் குலுங்கியது. தொண்டையைக் கனைத்தார். "இன்னாங்க" என்றார், கூட்டத்தில் ஏழெட்டு ஆண்கள் திரும்பிப் பார்த்தனர். பெயர் தொண்டை வரையில் வந்து, அண்ணத்தில் மோதி, திரும்பிப் போயிற்று. எட்டாம் வேற்றுமை விளிவேற்றுமை. விளியாவது படர்க்கையில் இருப்பவரைத் தன் முன்னால் வரவழைப்பது. எத்தனை ஆண்டு எத்தனை பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருப்பார்! எழுந்து நின்ற பிள்ளைகளின் வரிசை நினைவுக்கு வந்தது. நாள்தோறும் காலையில் எத்தனை பெயர்களைத் தயங்காமல் அழைத்த நாக்கு இது! உடனே அவர் முதுகு நிமிர்ந்தது. வலக்கை தானாக மூக்குக்கண்ணாடியைச் சரி செய்தது. இடக்கை இல்லாத வருகைப் பதிவேட்டைத் தாங்கியது. புதுக்கொல்லையின் கடைசிக் கழனிவரையில் கேட்கும் குரலில் வடிவாம்பாள் அழைத்தார்:

"பொன்னுரங்கம்!"

வைக்கோற்போரின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு பள்ளிப்பிள்ளையின் பணிவோடு விடை வந்தது:

"உள்ளேன், டீச்சர்!"

சொன்னவர் வெளியே வந்தார், மீசையெல்லாம் வைக்கோலோடு. மனைவியைப் பார்த்தார், அவரும் பார்த்தார், இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதை அந்தக் கணத்தில் பார்த்தவர் எவரும் சொல்லமாட்டார். "இன்னொரு தபா சொல்லு" என்றார் சுபேதார். "நாளைக்கு" என்றார் வடிவாம்பாள்.

பிறகு சுபேதார் செருப்பைப் போட்டுக்கொண்டு, கொள்ளுத்தாத்தாவின் எதிரே போய் நின்றார்.

"நான் உள்ள இருந்தது ரெண்டு மணி நேரம்" என்றார். "தும்மல், அரிப்பு, மேல பூரான். ஓடி வந்துடலாம்னு நூறு தபா தோணிச்சு. இந்த ஆள் ஆணை வராம எடத்தை வுட்டு நகரல, நூத்தி..." ஒரு கணம் திணறினார். "நூத்தி ஏழு வருசம்! என் சர்வீசுல இப்படிக் காவல் நிக்கிற ஒரு சென்ட்ரிய நான் பாத்ததில்ல." குதிகால்கள் மோதும் ஒலி கேட்டது. விறைப்பாக ஒரு வணக்கம் வைத்தார். முன்னாள் படைவீரர்கள் எல்லாரும் வைத்தனர். என்ன செய்வதென்று தெரியாத ஏழுமலை, மாலை போட வருகிறார்கள் என்றெண்ணிக் கழுத்தை நீட்டினார்.

"அப்ப கல்லு?" என்றார் அருணகிரி, உளியும் கையுமாக. "பேரு செதுக்கிட்டேன். டீச்சர் சொன்ன ஒத்துக்கு எடம் அப்படியே கீது. 'ப்'பப் போட்டுடட்டா?"

வடிவாம்பாள் கணவரைப் பார்த்தார். சுபேதார் மகளைப் பார்த்தார். அவள் கையில், எங்கிருந்து பிடுங்கினாளோ, ஒரு கோரைக்கிழங்கு இருந்தது. அவர் நெடுமூச்சு விட்டார்.

"'ள்' போடு" என்றார்.

அருணகிரி நடுவில் ஒரேயொரு மெய்யைச் செதுக்கினார். 'காடு திருத்திக் கழனி செய்து போருக்குள் போனார் ஏழுமலை' என்று கல் சொன்னது. எந்தப் பிழையும் இல்லாத வாக்கியம் என்று வடிவாம்பாள் இரண்டு முறை படித்து ஒப்புக்கொண்டார். "பாத்தீங்களா டீச்சர்? ஒன்பதாங்கிளாஸ்லயே நான் ஒழுங்கா ஒத்துப் போடக் கத்துக்கினு இருந்தா இன்னிக்கு இந்தக் கல்லு வீணாப் போயிருக்கும்" என்று அருணகிரி சொன்னபோது, அவரைப் பெஞ்சின்மேல் நிறுத்த இடமில்லாமையால் வடிவாம்பாள் பொறுத்துக்கொண்டார்.

தலைமுறைக்கு ஒருவர் என்னும் சட்டத்தைச் சுபேதார் நீக்கவில்லை, சட்டம் சட்டம்தான். மூலத்தில் இருந்தபடி திருத்திக்கொண்டார்: தலைமுறைக்கு ஒருவர் போருக்குள் போக வேண்டும். எனவே வெள்ளிக்கிழமை காலையில் இளவேனில் அரிவாளும் கயிறுமாகக் கழனிக்குப் புறப்பட்டபோது, அவர் ஏரிக்கரையில் நின்று ஊதல் ஊதி வழியனுப்பினார்.

அன்று நண்பகல் எல்லாரும் கூடத்தில் உட்கார, வடிவாம்பாள் களி பரிமாறினார். ஏழுமலைக்குத் தனிப் பானை, அதில் உப்பு உண்டு. கழனி வேலை முடித்து வந்தவர் தட்டில் உருண்டைகள் ஏறிக்கொண்டே போயின. வடிவாம்பாள் எண்ணிக்கொண்டே வைத்தார். நான்கு, ஐந்து, ஆறு. கரண்டி நின்றது. வீடு முழுவதும் அவர் வாயைப் பார்த்தது.

"ஏழு" என்றார் வடிவாம்பாள்.

"இன்னாம்மா?" என்று நிமிர்ந்தார் தாத்தா.

"உங்களையில்லை தாத்தா. சாப்பிடுங்கள். எட்டு."